அட்டையில் ஒரு நெடில்

"படிச்சியாடா?" என்று ரிப்பெக்கா அத்தை தொலைபேசியில் கேட்டபோது, அவளுடைய புத்தகத்தின் தட்டச்சுப் பக்கங்களால் கெரேயாமா விசிறிக்கொண்டிருந்தான். நியூசிலாந்தின் கிஸ்போர்னில் அன்றைக்கு அப்படி ஒரு புழுக்கம்.

"படிச்சேன் அத்தை."

"முழுசாவா?"

"முழுசா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"அழுதியா? சிரிக்கறதுக்குத்தானேடா எழுதினேன்!"

"சிரிச்சுச் சிரிச்சுத்தான் அத்தை தண்ணி வந்துச்சு."

நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அவனுக்குப் புரிந்தது பக்க எண்கள் மட்டும். புத்தகம் முழுக்க மாவோரி மொழி. கெரேயாமாவும் மாவோரிதான், அப்பன் பாட்டன் எல்லாரும் இந்தக் கடற்கரைக்காரர்கள்தான். ஆனால் இவன் வளர்ந்தது ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில். நாற்பது வயதில் ஊர் திரும்பி அச்சகத்தில் அட்டை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தபோது, கூடவே ஒரு வெட்கத்தையும் தூக்கிக்கொண்டு வந்தான். உறவுக்கூட்டத்தில் யாராவது மாவோரியில் வாயைத் திறந்தால் போதும், இவன் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவான். அவன் அளவுக்குப் பாத்திரம் தேய்த்த ஆண்பிள்ளை தென் அரைக்கோளத்திலேயே கிடையாது. "எவ்வளவு பணிவான பிள்ளை!" என்று கிழவர்கள் உருகினார்கள். அவன் காது மட்டும் சிவந்துகொண்டே இருந்தது.

நல்லவேளையாக, தலைப்பு அவனுக்குத் தெரிந்த வார்த்தை. கெக்கெ. கேக். ரிப்பெக்கா அத்தை கேக் பற்றித்தான் எழுதுவாள், வேறு எதைப் பற்றி எழுதுவாள்? அத்தையின் ஊரான வைப்புனாவில் ஒரு சாவு விழுந்தால், பெட்டி வந்து சேருவதற்கு முன்பே அத்தையின் கேக் வந்து சேர்ந்துவிடும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பிணமே ஒருமுறை எழுந்து உட்கார்ந்ததாகப் பேச்சு உண்டு.

அட்டைக்கு அத்தை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்திருந்தாள். இளம்வயது ரிப்பெக்கா, கையில்லாத பனியன், இரண்டு கையும் வானத்தை நோக்கி, வாய் பிளந்த கூச்சல்.

"கையத் தூக்கின படம்தான் வேணும். ஒரு ஓரம்கூட வெட்டக்கூடாது, ஆமா!"

கேக் நன்றாக உப்பி வந்த சந்தோஷம் போலிருக்கிறது என்று கெரேயாமா நினைத்துக்கொண்டான். கேட்டிருக்கலாம். கேட்டால், படிக்கவில்லை என்பது வெளியே வந்துவிடும்.

தலைப்புக்கு அவன் தேடிப் பிடித்த எழுத்துரு அபாரமானது. ஒவ்வொரு எழுத்தும் பைக்குள்ளிருந்து பிதுக்கிய கிரீம் மாதிரி கொழுகொழுவென்று இருந்தது. அதில் 'ஙா கெக்கெ' என்று அடித்தான். நாம் அரிச்சுவடியோடு மறந்துவிட்ட 'ஙா' அங்கே அன்றாடச் சொல். 'கள்' விகுதி மாதிரி. ஆக, 'கேக்குகள்'. ஆனால் திரையில் 'ஙா' வரவேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம் முழித்துக்கொண்டு நின்றது.

மாவோரியிலும் குறில் நெடில் உண்டு. நாம் காலும் கொம்பும் போட்டு நீட்டுவதை அவர்கள் ஆங்கில எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டு நீட்டுகிறார்கள். கிரீம் எழுத்துருவைச் செய்த புண்ணியவானுக்கு இது தெரியாது. அவனுடைய எழுத்து எதற்கும் தலைக்கோடு கிடையாது.

கெரேயாமா கோட்டை எடுத்துவிட்டு அத்தைக்கு அனுப்பினான். அடுத்த நிமிடமே மணி அடித்தது.

"என்னடா மருமகனே, எழுத்தெல்லாம் மொட்டத் தலையா நிக்குது? கோடு எங்க?"

"நீங்க அனுப்பினதுலயும் இல்லையே அத்தை."

"என் டைப் மிஷின் உங்க தாத்தா காலத்துது. அதுல கோடு கிடையாது. எங்கெங்க போடணும்னு உனக்குத் தெரியாதா? புஸ்தகத்த முழுசாப் படிச்சவன்தானே?"

"தெரியும் அத்தை! நல்லாத் தெரியும்!"

தெரியாது. எந்த எழுத்துக்குக் கோடு என்று யாரிடமாவது கேட்கலாம். கேட்பதற்கு வாய் வரவில்லை. குறைத்துப் போட்டால்தானே குற்றம், கூட்டிப் போட்டால் மரியாதைதானே என்று முடிவு கட்டி, தலைப்பில் இருந்த ஒவ்வொரு உயிரெழுத்தின் தலையிலும் கையாலேயே ஒரு கோடு வரைந்தான். அத்தையின் பெயரையும் நீட்டியிருப்பான். படத்தில் அவளுடைய முழங்கை இடித்ததால் இடமில்லை.

'ஙா கேக்கே'. எழுதியவர் ரிப்பெக்கா.

"இப்பத்தான்டா சரி!" என்றாள் அத்தை. "எங்கண்ணன் இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பான். சனிக்கிழம வெளியீட்டுல உன்ன எழுப்பி நிக்க வைக்கப் போறேன். பிரிஸ்பேன்ல வளந்தும் நம்ம பாஷைய விடாத பிள்ளைன்னு ஊரு பாக்கட்டும்."

கெரேயாமாவுக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும்போல் இருந்தது.

அச்சாகி, பளபளவென்று மேலுறை ஒட்டி, பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்து இறங்கியது வியாழக்கிழமை. அச்சக வரவேற்பில் உட்காரும் ஃபிலிப்பா ஒரு பிரதியை எடுத்தாள். வெள்ளைக்காரி, ஒரு வருடமாக மாலை வகுப்புக்குப் போய் மாவோரி படிக்கிறவள். அட்டையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது.

"கெரேயாமா, உங்க அத்தைக்கு ரொம்பத் தைரியம்ப்பா!"

"ஏன், கேக் புத்தகம் போட என்ன தைரியம்?"

"கேக்னா கெக்கெ. இது கேக்கே. கோடு போட்டா அக்குள். 'அக்குள்கள்', எழுதியவர் ரிப்பெக்கா. கையத் தூக்கி வேற காட்டறாங்க!"

கெரேயாமாவின் காது சிவந்த சிவப்பில் அந்த அறையில் விளக்கே தேவைப்படவில்லை. "தெரியும், தெரியும். சும்மா வேடிக்கைக்கு" என்று சொல்லிப் பெட்டிகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு பறந்தான்.

மறுநாள் லீவு போட்டான். பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில், கடைசி மூலையில் வேனை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் பிளேடால் கோட்டைச் சுரண்டினான். கோடு போகவில்லை, மேலுறை உரிந்தது. எழுத்துகளுக்கு அம்மை வடு விழுந்தது. அடுத்து, வெள்ளை மையால் அழித்தான். அட்டை கருநீலம். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் கடற்பறவை வந்து காரியம் பண்ணிவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது.

பேரங்காடிக்குள் ஓடினான். குழந்தைகளின் பிறந்தநாள் சாமான்கள் இருந்த வரிசையில் கேக் படம் போட்ட ஒட்டிகள் கிடைத்தன. சின்னது, பெரியது, செர்ரிப்பழம் வைத்தது. அத்தனையையும் வாரினான். காசு வாங்கிய பெண், "குழந்தைக்கு எத்தன வயசு?" என்று கேட்டாள். "நாப்பத்தொண்ணு" என்றான்.

'கே' இரண்டின் தலையிலும் சின்ன கேக். சுரண்டின வடுவுக்கும் பறவைக் கறைக்கும் மேலே இன்னும் கொஞ்சம் கேக். அப்படியும் அவனுக்கு மனம் ஆறவில்லை. வார்த்தை மாறினாலும் படம் அப்படியே இருக்கிறதே! இளம்வயது அத்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அவன் பண்ணின தப்பை உலகத்துக்கே காட்டிக்கொண்டு நிற்கிறாளே! செர்ரி வைத்த பெரிய கேக்கை எடுத்து, வலது அக்குளில் ஒன்று, இடது அக்குளில் ஒன்று, அழுத்தித் தேய்த்து ஒட்டினான். ஒரு பிரதியையும் விடவில்லை. வெளியே வந்தபோது விரலெல்லாம் பசை. ஒரு தள்ளுவண்டி அவன் கையோடு ஒட்டிக்கொண்டு வேன் வரைக்கும் வந்தது.

சனிக்கிழமை வைப்புனா மராயில், அதாவது மாவோரிகளின் ஊர்ப்பொது மண்டபத்தில், சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. மேசையில் புத்தகங்கள், மேலே ஒரு வெள்ளைத் துணி. பின்வரிசையில் அத்தையின் வயதில் பத்துப் பதினைந்து பெண்கள், அலமாரி அலமாரியாகத் தோள்கள். கேக் என்றதும் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று கெரேயாமா வியந்தான்.

ஒரு பெரியவர் எழுந்து மாவோரியில் பேச ஆரம்பித்தார். கெரேயாமாவின் கால் தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. அத்தை அவன் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பேச்சின் நடுவே பெரியவர் "கேக்கே" என்றார். நன்றாக நீட்டித்தான் சொன்னார். கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

தெரிந்துவிட்டது! ஃபிலிப்பா சொல்லிவிட்டாள்! கெரேயாமா நாற்காலிக்குள் உருகி, வெறும் சட்டை மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டான்.

அப்போது அத்தை எழுந்து ஒரே இழுப்பில் துணியை உருவினாள். புத்தகத்தைக் கையில் எடுத்தாள். சிரிப்பு நின்றது. அவள் அட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னடா இது?"

அவன் எழுந்து நின்றான். ஊரே பார்த்தது. அத்தை ஊரைப் பார்க்கச் சொன்னது இதற்கில்லை.

"அத்தை... மன்னிச்சுடுங்க. எனக்கு நம்ம பாஷை தெரியாது. ஒரு வரிகூடத் தெரியாது. படிச்சேன்னு சொன்னது பொய். அந்த வெக்கத்துல யாரையும் கேக்காம கண்ட இடத்துல கோடு போட்டேன், உங்க கேக்கு அக்குளாயிடுச்சு." புத்தகத்தைத் தொட்டுக் காட்டினான். "ஆனா இப்பக் கவலையே இல்ல அத்தை. ராப்பகலா உக்காந்து ஒரு அக்குள் விடாம மூடி, எல்லாத்தையும் கேக்கா மாத்திட்டேன்."

அத்தை அவனைப் பார்த்தபடியே மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்வரிசை அலமாரிகளில் ஒன்று எழுந்து வந்தது. ஹூரியா என்று பெயர். இரண்டு காதும் பழைய காளான் மாதிரி நசுங்கிப் போயிருந்தன. அவள் ஒரு புத்தகத்தை எடுத்து, செர்ரி கேக்கின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"பதினேழு வருஷம் ரக்பிப் பந்தாட்டத்துல இவ அக்குளுக்குள்ள தலையச் சொருகிக்கிட்டு எதிராளியத் தள்ளினோமே, அந்தக் கதையத்தானடா இவ புஸ்தகம் பூரா எழுதியிருக்கா, இதுல கேக்கு எங்கேருந்துடா வந்துச்சு?"