குமிழைத் திருகுபவர்

குமிழைத் திருகுபவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதன் அருகிலும் அவரால் சும்மா நிற்க முடியாது.

நைனார்பாளையத்தில் அவருக்குப் பெயர் மார்ட்டின். கள்ளக்குறிச்சியில் அலுவலக வேலை. ஞாயிறானால் மாதா கோயிலில் மைக்செட் மிக்சர் அவர் கையில். போன மாதம் குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ பெட்டி ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து வாசகத்துக்கு எக்கோ, மன்றாட்டுக்கு எக்கோ, வாசலை மறித்த வண்டியை எடுக்கச் சொல்லும் அறிவிப்புக்கும் எக்கோ. யாருடைய வண்டி என்று யாருக்கும் புரியாமல் அது அங்கேயே நின்றது. கேட்டால் ஒயரைப் பிடித்துக்கொண்டு விளக்குவார்.

"மிக்சர்லேர்ந்து சத்தம் இப்டி வெளிய போவுது. பொட்டியில குளிக்குது. இப்டி திரும்பி வருது. கரியாலூர் மலையில நின்னு பேசுற மாதிரி இருக்கும்."

யார் மலையில் நின்று பேசக் கேட்டது?

மார்ட்டினின் அக்காள் மகள் ஜூலியாவுக்கு அதே கோயிலில் கல்யாணம். பெண்ணுக்கு இஷ்டமில்லையாம் என்று உறவில் ஒரு பேச்சு. மாப்பிள்ளை ஆல்பினைப் பிடித்துத்தான் அவள் கட்டிக்கொள்கிறாள். அதை ஊருக்குச் சொல்ல அவளிடம் இருந்தது ஒரே சொல். காலையிலேயே கேட்டுக்கொண்டாள்.

"மாமா, எனக்கு எக்கோ வோணாம்."

"கம்மியா வெக்கிறேன்மா."

ஃபாதர் சம்மதம் கேட்டார். ஜூலியா வாயைத் திறந்தாள். மார்ட்டினுக்கு விரல் அரித்தது. பெட்டியில் குளித்துவிட்டு வந்த சத்தத்தை, இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டும் என்று, ஒரு குமிழைத் திருகி அதே பெட்டிக்குத் திருப்பி அனுப்பினார். அது மறுபடி குளித்தது, மறுபடி வந்தது, மறுபடி போனது. ஸ்பீக்கர் ஊளையிட்டது.

"பொண்ணு இன்னா சொல்லுச்சு?" பின்வரிசையில் பெரியம்மா ரெஜினா.

"வோணாம்னுச்சு போல," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஜூலியா மைக்கைக் கீழே வைத்தாள். "மாமா, பொட்டிய புடுங்குங்க."

பிடுங்கினார்.

"ஃபாதர், இன்னொரு தபா கேளுங்க."

கேட்டார். வெறும் தொண்டையில் "சம்மதம்" என்றாள். வெளியே பிரியாணி கிண்டியவர்கள் கரண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

பந்தியில் மார்ட்டின் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, மைக் இல்லாமலே இன்னா கிளியரு. காலையில நான் வெச்ச செட்டிங்கு."

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று வீட்டுக்கு வந்தவர் உங்கள் மகளிடம் ஏதோ கேட்டாரே, அவளும் தெளிவாகத்தான் பதில் சொன்னாள். அவள் முடித்ததும், "அவ இன்னா சொல்றான்னா" என்று ஆரம்பித்தது யார்?