ஞானையாவின் மூன்றாவது ஆன்டெனா

ஞானையா கார் கூரையின்மேல் ஆன்டெனாவை நிறுத்தினார். அது மெதுவாகச் சாய்ந்தது.

"அடியில காந்தம்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் விழுது?" என்றாள் மனைவி ஈவ்லின்.

பெயிண்ட் கீறிவிடக் கூடாதென்று காந்தத்துக்கு அடியில் மஞ்சள் துணியை நான்காக மடித்து வைத்திருந்தார்.

போன வெள்ளத்தில் அவள் பள்ளிக்கரணை வீட்டு மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டாள். அவர் படப்பையில் வேலையில் இருந்தார். செல்போன் ஓய்ந்துபோய், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் இரண்டு நாள் அழுதார். அதன்பிறகுதான் பரீட்சை எழுதி, செல்போன் ஓய்ந்தாலும் பேச உதவும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கி, காரில் செட் பொருத்தினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குள் காரிலிருந்து பேசிப் பதில் வாங்கினால்தான் வெள்ளத் தொண்டர் குழுவில் இடம்.

முதல் ஞாயிறு, பக்கத்தில் ஈவ்லின் பள்ளம் மேடு சொல்லிக்கொண்டே வர, கோவிலம்பாக்கம் சர்ச்சிலிருந்து படப்பை வரை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே போனார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. திரும்பும்போது ஒரு வேகத்தடையில் ஆன்டெனா துணியோடு இறங்கிப் போனது.

"குட்டை ஆன்டெனா. அதான் யாருக்கும் கேட்கலை" என்று தீர்மானித்தார்.

அடுத்த ஞாயிறு ஆறடி ஆன்டெனா. அதற்கும் பதில் வரவில்லை. வீடு திரும்பியதும் பார்க்கிங் உத்தரத்தில் இடித்து வளைந்தது.

மூன்றாவதைக் கூரையில் துளை போட்டுத்தான் மாட்ட முடியும்.

"புது வண்டி சார். மண்டைல ஓட்டை போட்டா, மழைல உள்ள குடை புடிச்சுகினுதான் ஓட்டணும்" என்றார் மெக்கானிக்.

"போடுங்க."

மூன்றாம் ஞாயிறு மழை கொட்டியது. ஈவ்லினின் பட்டுப்புடவையில் கூரை சொட்டியது. அவள் டிபன் பாக்ஸை ஏந்திப் பிடித்தாள்.

"இன்னிக்கும் யாரும் பேசலைன்னா செட்டைக் கழட்டிடணும்."

"சரி."

"சரின்னுட்டு எங்க பார்க்கறீங்க? இடது பக்கம் பெரிய பள்ளம். சுரங்கப்பாதையில முட்டியளவு தண்ணி நிக்குது, இறங்காதீங்க. மேம்பாலத்துல ஏறுங்க."

"எனக்கு வழி தெரியும்."

"தெரிஞ்ச லட்சணத்தைத்தான் பார்க்கறேனே."

படப்பையில் குழுத் தலைவர் சம்பத் காத்திருந்தார். ஞானையா காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். கண் கலங்கிவிட்டது.

"என்னை விட்டுடுங்க சார். என் குரல் எங்கேயும் போய்ச் சேரலை. மறுபடி வெள்ளம் வந்தா இவளை நான் எப்படித் தேடுவேன்?"

அவர் சொன்னதெல்லாம் சம்பத்தின் கையிலிருந்த செட்டிலும் ஒலித்தது.

சம்பத் கையை நீட்டி மைக்கை எடுத்தார். தூசி படக் கூடாதென்று ஞானையா அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டை மூன்று சுற்று இறுக்கியிருந்தார். அது பேசும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. பொத்தான் அழுந்தியிருக்கும்வரை நாம் பேசுவது ஊருக்குக் கேட்கும். ஊர் பேசுவது நமக்குக் கேட்காது.

"அப்போ அந்தக் குட்டை ஆன்டெனாவே..."

"கணீர்னு கேட்டுச்சு சார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. கூரையை ஓட்டை போட்டிருக்க மாட்டேனே."

சம்பத் ஈவ்லினைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சொன்னா சரி பண்ணிடுவீங்களே சார். மூணு வாரமா அக்கா சொல்ற பள்ளத்தையும் தண்ணியையும் கேட்டுத்தான் எங்க வண்டியெல்லாம் ஓடுது."