வரிமுனையில் ஒரு மாபெரும் சாதனை

கணினியில் ஒவ்வொரு வரி முடியும் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி விழும். ஒருவகைக் கணினி ஒரு குறி போடும், இன்னொருவகை இரண்டு போடும். இதனால் உலகத்தில் யாருக்கும் நஷ்டமில்லை, எங்கள் அலுவலகத்தைத் தவிர.

நாங்கள் பேருந்து நேரம் காட்டும் மென்பொருள் எழுதுகிறவர்கள். யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று பதிவகம் ஒன்று கணக்கு வைக்கும்; மாற்றியவர் பெயரையே எழுதியவராகவும் போடும். புதிதாக வந்த பொறியாளரைப் 'புதுசு' என்போம். அந்த வாரத்துக்குள் அவள் வேலை நிரந்தரமாகியாக வேண்டும், தம்பியின் படிப்பே அதை நம்பித்தான். கடைசிப் பேருந்தைக் காட்டாத ஒரு வரியை அவள் திருத்தினாள். அவளுடையது வேறுவகைக் கணினி. சேமித்ததும் எல்லா வரியும் மாறியதாகப் பதிவாகிவிட்டது.

மேலாளர் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லா வரியையுமா மாத்தின?"

"ஒரே வரிதான் சார். மத்ததுல வரி முடிவுக் குறி மட்டும் மாறியிருக்கு."

"எங்க, காட்டு."

"அது கண்ணுக்குத் தெரியாது சார்."

"கண்ணுக்கே தெரியாம இவ்வளவு உழைப்பா!" மேலாளர் நெகிழ்ந்துபோனார். சிறந்த உழைப்பாளர் விருது அறிவிக்கப்பட்டது.

எங்களுக்கு வயிறு எரியாதா? மறுநாளே ஒருவர் ஒரு குறியை இரண்டாக்க, அடுத்தவர் இரண்டை ஒன்றாக்க, ஆளாளுக்குப் பழைய பிரதியைத் திறந்து சேமித்தோம். மேலாளரும் தம் பொற்கரத்தால் சேமித்து, மென்பொருள் முழுவதற்கும் ஆசிரியரானார். இந்த அமளியில் புதுசின் திருத்தம் அழிந்து, கடைசிப் பேருந்து மறுபடி காணாமல் போனது. எல்லா வரியும் மாறியிருக்கும்போது ஒரு வரியை எங்கே போய்த் தேடுவது?

அவள் தேடினாள், பாவி. பேருந்தை மீட்டாள். அதோடு விட்டாளா? யார் எந்தக் கணினியில் எழுதினாலும் பதிவகத்துக்குள் ஒரே குறிதான் போகும்படி ஒரு சின்ன அமைப்புக் கோப்பையும் வைத்தாள். மறுநாள் கணக்கு வந்தது: அவளுக்கு ஒரு வரி, எங்கள் எல்லோருக்கும் பூஜ்யம்.

உடனடியாக அவசரக் கூட்டம்.

"சார், பேருந்து இப்ப சரியா வருது," என்றாள்.

"பேருந்து வருதும்மா. எங்க உழைப்பெல்லாம் எங்க போச்சு?"

நாங்கள் பலமாகத் தலையாட்டினோம். அமைப்புக் கோப்பு நீக்கப்பட்டது. அவளை வேலையிலிருந்து அனுப்பும் உத்தரவை மேலாளர் ஒரே வரியில் எழுதிப் பதிவகத்தில் ஏற்றினார். வழக்கம்போல ஆளாளுக்கு அதைத் திறந்து சேமித்தோம். பதிவகத்தின் கணக்குப்படி அந்த உத்தரவை எழுதியவர்கள் நாங்கள் எல்லோரும்தான். எங்கள் அலுவலகத்தில் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.