தட்டில் வளர்ந்த தொண்டைக்குப் பத்தியம்

பத்தியக்காரர் என்றொரு இனம் உண்டு. ஊரில் யாருக்கு எந்த வியாதி வந்தாலும், எதைத் தின்னக் கூடாது என்று இவருக்குத்தான் முதலில் தெரியும். தன் வாயைத் தவிர உலகத்து வாய்கள் அத்தனைக்கும் பூட்டு வைத்திருப்பார்.

லிங்கராஜபுரம் சின்னப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, நான்கு லேத்துக்கு முதலாளியானவர். லேசான காரியமா? படித்தவன் செய்வானா? கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடிப்பதும், மட்டன் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு அப்படியே மல்லாந்து படுப்பதும் அவர் உழைத்துச் சம்பாதித்த உரிமைகள். நெஞ்செரிச்சலும் அதோடு வந்த சொத்துதான்.

தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார்: "உணவுக்குழாய் உள்தோல் மாற ஆரம்பிச்சிருக்கு. விட்டா புத்துநோயில கொண்டுபோய் விடும். மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆறு மாசத்துல மறுபடி வாங்க." ஆராய்ச்சிக்கென்று கையெழுத்து வாங்கி, துளி சதையும் எடுத்துக்கொண்டார்.

மாத்திரை அலமாரிக்குப் போயிற்று. சதை எலெக்ட்ரானிக் சிட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. அங்கே தர்ஷினி என்ற பெண் அதன் செல்களைத் தட்டில் இட்டு, அடுக்கடுக்காக உள்தோலாகவே வளர்த்துவிட்டாள்.

அவ்வளவுதான்! "நான் படிக்கல. என் தொண்டை எலெக்ட்ரானிக் சிட்டியில வேலைக்குச் சேர்ந்துடுச்சு பாத்தியா!" என்று பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டு, மாதம் தவறாமல் இரண்டு பஸ் மாறிப் போய் நிற்பார். "ஏம்மா, அதுக்குச் சூடா எதையும் ஊத்தாத. காரம் ஆகவே ஆகாது."

எட்டாம் மாதம் தர்ஷினி இரண்டு தட்டுகளை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். ஒன்றில் தோல் சீராக இருந்தது. மற்றதில் குலைந்து கிடந்தது. "இதுல மட்டும் தினம் ஆசிட் விடறோம், அங்கிள். நெஞ்செரிச்சல் என்ன பண்ணும்னு பாக்க."

"இன்னாம்மா அநியாயம்! என் தொண்டையில ஆசிடா? பெத்த புள்ளைக்குச் செய்வியா?"

"நான் பத்து நிமிஷம் விட்டுக் கழுவிடறேன். நீங்க கழுவறதே இல்லையே அங்கிள். மறுபடி குழாய் விட்டுப் பாத்தீங்களா?"

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார் சின்னப்பா.

பயந்தாரா? பயந்தார். இறங்கியதும் பக்கத்து வீட்டு ஹெர்பர்ட் கையிலிருந்த காப்பியைப் பிடுங்கி, "விஷம்யா இது! தொண்டையே போயிடும்!" என்று அலறினார். பிடுங்கியதைக் கீழே கொட்ட மனம் வருமா? உழைத்து முன்னேறியவர் எதையும் வீணாக்குவதில்லை. குடித்தார்.

"ஏங்க, டாக்டர் சொன்ன கெடு தாண்டி ரெண்டு மாசம் ஆச்சே?" என்றாள் மனைவி நோரா.

"ரெண்டு தட்டுல ஒண்ணு நல்லாத்தான்டி இருக்கு," என்று நெஞ்சை நீவிக்கொண்டார் சின்னப்பா. "அதுதான் நான்."

இதைப் படித்ததும், யாரிடம் காட்டலாம் என்று உங்களுக்கு உடனே ஒரு பெயர் தோன்றியிருக்குமே? காட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. போகிற வழியில் உங்கள் அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.