டி.வி. பக்கத்துக் கால்

ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவதில்லை. தலையே போனாலும் சரி. லோதி ரோடு ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வரும்போது, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்யாணராமன் எடுத்த முடிவு இது. ஞாயிறு மேட்ச். ஐம்பது ஓவர். அன்றைக்குத்தானா மனைவி விசாலாக்ஷியின் தம்பி குடும்பத்தோடு சாப்பிட வர வேண்டும்? ஆறு தேங்காய், ஒரு பூசணிக்காய், இரண்டு கட்டு வாழையிலை. தூக்க ஒரு மாடு வேண்டும். வீட்டில் இருந்தது அவர்தான்.

ஆகவே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குள் நுழையும்போதே நொண்டினார்.

"என்ன ஆச்சு?"

"முழங்கால். பஸ்காரன் பிரேக் போட்டான்."

"எந்தக் கால்?"

இதை அவர் யோசிக்கவில்லை. டி.வி. இருந்த பக்கத்துக் காலைக் காட்டினார். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம்.

விசாலாக்ஷி காலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போனாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தார். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன்.

சனி முழுக்கப் படுக்கை. ஞாயிறு காலை எழுந்து வந்தால் கூடம் பூரா கோலமாவு.

"இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி நடங்கோ. திரும்பி வாங்கோ."

"எதுக்குடி?"

"மாடியாத்து ஸ்வப்னா ஆஸ்பத்திரியில இப்படித்தான் பாக்கறாளாம். காலடியைப் பதிய வெச்சு, எது அழுத்தறது, எது இழுக்கறதுன்னு. அங்கே மெஷின் இருக்கு. உங்களுக்கு மாவு போதும்."

நடந்தார். உயிரைக் கொடுத்து நொண்டினார்.

விசாலாக்ஷி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

"போறச்சே வலது கால் நொண்டறது. வரச்சே இடது கால்."

கல்யாணராமன் டி.வி.யை முறைத்தார். அது இருந்த இடத்தில்தான் இருந்தது. திரும்பினது இவர்.

"ரெண்டுலயும் வலி."

"அச்சா. எதுல ஜாஸ்தி?"

"ரெண்டும் ஒண்ணுதான். துளி வித்தியாசம் கிடையாது."

"அப்போ எதுக்குச் சாயறேள்? ரெண்டு பக்கமும் சமமா வலிச்சா நடை நேராத்தானே வரணும்?"

யோசித்தார். மறுபடி யோசித்தார். கணக்கு சரியாக இருந்தது.

"வரணும்தான்."

"எங்கே, நடங்கோ பாப்போம்."

நேராக நடந்தார். வாசல் வரை வந்துவிட்டார். கைக்கு ஒன்றாக இரண்டு பைகள் ஏறின.

"பக்கத்துக்கு மூணு தேங்காயாப் போட்டுண்டு வாங்கோ. ஒரு பக்கமே தூக்கினா நிஜமாவே நொண்டும்."