பேஸ் கிட்டாருக்குக் கூரை போட்ட வரலாறு

பழசாகிப்போன பொருளெல்லாம் 'விண்டேஜ்' ஆகிவிடுவதில்லை. பழசாவதற்குக் காலம் போதும். விண்டேஜ் ஆவதற்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, ஆமென்று தலையாட்ட வேண்டும். மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்கப்புறம் உருப்படியாகக் கண்டுபிடித்தது இந்த வித்தியாசத்தைத்தான். தலவாக்கலைக்கு மேலே, கிளென்டோரா தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், யூஜினா குடியிருந்த தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்கு இந்தப் பேருண்மை வந்து சேர்ந்தபோது அவள் சட்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

சட்டி, கூரையிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீருக்கு. தகரத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணுவதை அவள் கல்யாணமான புதிதிலேயே விட்டுவிட்டாள். சொட்டு எங்கே விழும் என்பதை அன்றன்றைக்குக் காற்றுதான் தீர்மானிக்கும். மாமியார் ஜோசப்பினின் கட்டிலை மூன்று மூலைக்கு மாற்றியாயிற்று, நான்காவது மூலையில் அடுப்பு. ஜோசப்பினுக்கு இழுப்பு வியாதி. தோட்டத்து டிஸ்பென்சரியில் போன தடவை டாக்டர், "ஈரம் உங்களுக்கு ஆகவே ஆகாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஈரமில்லாத எடம் இந்தத் தோட்டத்துல தொரை பங்களா ஒண்ணுதாங்க. அங்க படுக்க ஒரு சீட்டு எழுதித் தாங்க டாக்டர்" என்று ஜோசப்பின் கேட்டாள். டாக்டர் மாத்திரைக்குத்தான் சீட்டு எழுதினார்.

கூரைத் தகரம் விஷயமாகத் தோட்ட நிர்வாகம் சும்மா இருந்தது என்று யாரும் நாக்கூசாமல் சொல்ல முடியாது. அது ஆண்டுதோறும் 'கவனத்தில் எடுத்து' வந்தது. எடுத்த கவனத்தைக் கீழே வைத்ததே கிடையாது. மலையில் வேலை வாங்குபவரும் லயத்தில் வழக்குத் தீர்ப்பவருமான கண்டாக்கு ஐயா ஆண்டியப்பன், "தகரம் வந்தா மொதத் தகரம் ஒங்களுக்குத்தாம்மா" என்று வருஷா வருஷம் வாக்குக் கொடுத்தார். தகரம் வரவே இல்லையாதலால் அவர் ஒரு தடவைகூட வாக்குத் தவறவில்லை.

ஆகவே யூஜினா பேஸ் கிட்டாரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள். அவளுடைய அப்பா ஒரு காலத்தில் நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் பேண்டில் வாசித்தவர். பாட்டுக்காரர் கனடாவுக்குப் போய் பேண்ட் கலைந்த அன்றைக்கு யார் கையில் எது இருந்ததோ அது அவரவருக்கு என்றானது. அப்பா கையில் பேஸ் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து வேதக் கோயிலில் பாட்டுக் குழுவுக்கு யூஜினாதான் பேஸ் வாசித்தாள். மற்ற நாட்களில் அது உரப்பைக்குள் புகுந்து கட்டிலுக்கடியில் தூங்கியது. அதை விற்பதில் அவளுக்கு மனசே இல்லை. ஆனால் கட்டிலுக்கு மேலே இருமிக்கொண்டிருந்தவர் அத்தை.

தலவாக்கலையில் பழைய ரேடியோவும் போனும் வாங்கி விற்கும் இக்ராம், கிட்டாரைக் கடைக் கண்ணாடிமேல் கிடத்திப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டார். "பேஸ் படத்த பேஸ்புக்குல போடாம வேற எங்க போடுறது?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் வைத்தார். மறுநாளே கொழும்பிலிருந்து துஷாந்த் என்பவரின் அழைப்பு வந்தது. பழைய கிட்டார்களைத் தேடிக் கண்டுபிடித்து, வாங்கி, வாசிக்காமல் வைத்திருப்பதற்கென்றே பிறவியெடுத்தவர். இக்ராம் போனை யூஜினாவிடம் நீட்டினார்.

"பாடி எப்படி இருக்கு?" என்றார் துஷாந்த், எடுத்த எடுப்பில்.

"ஐயையோ, எங்க வீட்டுல யாரும் சாகலீங்க!"

"கிட்டார் பாடியைக் கேட்கிறேன்மா."

"அது நல்லாத்தாங்க இருக்கு."

"பிக்கப் ஒரிஜினலா?"

"பிக்கப் இல்லீங்க. வீட்டுக்காரரு சுஜீவன் ஆட்டோதான் வச்சிருக்காரு. ஸ்டேசன் வரைக்கும் கொண்டாந்து தருவாரு."

அவர் கேட்ட பிக்கப், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிட்டார்ப் பாகம். துஷாந்த் பொறுமைசாலி. பழம்பொருள் தேடுபவர்களுக்குப் பொறுமைதான் மூலதனம். அடுத்ததாக அந்த முக்கியமான கேள்விக்கு வந்தார். "ஃப்ரெட் மாத்தியிருக்கா?"

கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோட்டுக்கு ஃப்ரெட் என்று பெயர். யூஜினாவின் அப்பா அதைப் 'படி' என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் காதில் விழுந்ததோ 'பெரட்டு'. தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்று விரட்டுகிற சடங்குக்குப் பெரட்டு என்று பெயர். கிட்டார் வாங்குகிறவர் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. என்றாலும் பெரிய மனிதர், தோட்டத்து மக்கள்மேல் ஏதோ அக்கறை போலும் என்று நினைத்து உள்ளதைச் சொன்னாள்.

"பெரட்டு மாறவே இல்லீங்க. வெள்ளக்காரன் காலத்துல இருந்து அதே பெரட்டுதான்."

மறுமுனையில் துஷாந்துக்கு மூச்சு நின்று வந்தது. "நிஜமாவா? யாருமே கை வைக்கலையா?"

"யாரு கை வைப்பாங்க? அதே எடம், அதே வரிச, அதே ஏச்சு."

"தேஞ்சிருக்கா?"

"நாங்கதாங்க தேஞ்சிருக்கோம்."

'ஏச்சு' என்பது கிட்டாரின் எந்தப் பாகம் என்று துஷாந்துக்கு விளங்கவில்லை. மலையகத்துக் கலைச்சொல்லாக இருக்கும் என்று மரியாதையோடு விட்டுவிட்டார். அந்த வாரமே ஜீப்பில் புறப்பட்டு வந்தார்.

அவர் லயத்துக்குள் நுழைந்த பக்தியைப் பார்த்திருக்க வேண்டும். கைக்கு வெள்ளை உறை மாட்டினார், கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்தார். உரப்பையை ஒரு தாய் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல விலக்கினார். பின்பக்கத் தகட்டிலிருந்த இலக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தார். திருகாணிகளைக் கழற்றி, கழுத்தின் அடியில் குத்தியிருந்த முத்திரையைப் படித்தார். உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தை மூக்கை விட்டு முகர்ந்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் பற்பசை மூடியைக் கண்டதும் அவர் முகம் இருண்டது.

"யார் செஞ்ச வேலை இது?"

"நான்தான் தம்பி. அது ஒடஞ்சு போச்சு. மூடி சரியா ஒக்காந்துச்சு" என்றாள் ஜோசப்பின் கட்டிலிலிருந்து, கொஞ்சம் பெருமையாகவே.

துஷாந்த் கண்ணை மூடி அந்தத் துயரத்தைத் தாங்கிக்கொண்டார். பிறகு மற்றதெல்லாம் ஒரிஜினல் என்று தெரியவந்ததும் அவருக்கு உயிர் வந்து, விண்டேஜ் சாத்திரத்தை வீட்டாருக்கு விளக்கினார். "பழுதானதைப் புதுசா மாத்தக் கூடாது. அப்படியே விடணும். கீறல், தழும்பு எல்லாம் புழங்கின அடையாளம், அதுதான் அழகு. முக்கியமா பூர்வீகம் தெரியணும். எங்க இருந்து வந்தது, யார் யார் கையில இருந்ததுன்னு சொல்லத் தெரிஞ்சாதான் மதிப்பு."

"எங்ககிட்டயும் ஒரு காலத்துல பூர்வீகம் கேட்டாங்க தம்பி. சரியாச் சொன்னவங்கள எல்லாம் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் ஜோசப்பின்.

துஷாந்த் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிட்டார்மேல் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கூரையேறியது. தன் விலையுயர்ந்த ஜாக்கெட்டைக் கழற்றிக் கிட்டாரைப் போர்த்தினார். அடுத்த சொட்டு ஜோசப்பின்மேல் விழுந்தது. அது பழகிய சொட்டு என்பதால் யாரும் கத்தவில்லை.

"அப்ப எடுத்துக்கிறீங்களா?" என்று யூஜினா மெதுவாகக் கேட்டாள்.

"எடுக்கிறதா? இதை இங்கயிருந்து பிரிக்கிறது பாவம்மா! இந்த மண், இந்த மலை, இந்தச் சுவர்... இதுதான் இதோட வீடு." துஷாந்தின் கண் கலங்கியிருந்தது. யூஜினாவின் கண்ணும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. கூரை போட இருந்த ஒரே வழியும் ஜீப்பேறிப் போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். போகுமுன் துஷாந்த் எடுத்த வீடியோவில் கிட்டார் இருந்தது, மலை இருந்தது, கிட்டார்மேல் விழுந்த அந்தப் பாவப்பட்ட சொட்டும் இருந்தது.

அந்தச் சொட்டை உலகம் பார்த்தது. "ஐயோ நனையுதே" என்று பல நாட்டுக்காரர்கள் பல மொழியில் அழுதார்கள். தோட்டத்துக் கம்பெனியும் பார்த்தது. பங்களாவில் தங்க வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தேயிலையைத் தவிர வேறு என்ன காட்டலாம் என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. மறு வாரம் கண்டாக்கு ஐயா ஆட்களோடும், பளபளக்கும் புதுத் தகரத்தோடும் வந்து நின்றார்.

"கிட்டாரு நனையக் கூடாதாம்மா. மேலிடத்து ஓடர்."

நீண்ட லயத்தில் யூஜினாவின் ஓரறை வீடான காம்பராவுக்கு மட்டும் கூரை மாறியது. எதிர் மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கு அது சொத்தைப் பல்வரிசையில் ஒற்றைத் தங்கப் பல் மாதிரி மின்னியது. அன்றைய மழை கூரைக்கு வெளியே பெய்தது. ஜோசப்பின் காய்ந்த தலையணையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் பெத்த மவன் செய்யாதத இந்தக் கட்ட செஞ்சிருச்சு புள்ள" என்றாள். சுஜீவன் ஆட்டோவைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டான். யூஜினாவுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. சட்டியை நகர்த்த வேண்டியதில்லை என்பது நம்பக் கஷ்டமாக இருந்தது.

சிறந்த நிர்வாகம் கூரையோடு நின்றுவிடாது. 'பேஸ் கிட்டார் பாதுகாப்பு, பராமரிப்பு மற்றும் மேம்பாட்டுக் குழு' பெரட்டுக்களத்தில் கூடியது. தலைவர் தொரை, செயலாளர் கண்டாக்கு ஐயா, ஆலோசகர் துஷாந்த். கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான யூஜினா 'பார்வையாளர்' என்ற கௌரவப் பதவியில் அமர்த்தப்பட்டாள். விரல் வேர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு கம்பியைத் தின்றுவிடும் என்று ஆலோசகர் எச்சரித்ததால் அவள் இனி வாசிக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானமானது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு நொண்டிக்கொண்டே நடந்தது.

புகை ஆகாது என்று அடுப்பு வாசலுக்குப் போயிற்று. ஈரத்துணி காயப்போடத் தடை வந்தது. சுவரில் கண்ணாடிப் பெட்டி அடித்துக் கிட்டாரை மாட்டினார்கள். பக்கத்தில் காற்றின் ஈரத்தை அளக்க ஒரு மீட்டர், கீழே ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின். மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஜோசப்பின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மெஷின் ஓட ஓட அவளுக்கு இழுப்பு குறைந்து வந்ததால் அதையும் கர்த்தரின் கிருபையில் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை கண்டாக்கு ஐயா மீட்டரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"முள்ளு ஏறுதேம்மா."

"அடுப்பு வெளிய இருக்குங்கய்யா. துணியும் வெளியதான்" என்றாள் யூஜினா.

"தெரியும். கொழும்புத் தம்பிகிட்ட கேட்டேன். அப்பிடின்னா அது மூச்சாம்."

"யாரு மூச்சு?"

"எல்லாரு மூச்சுலயும் ஈரம் இருக்காம்மா. குறிப்பா இங்க..." அவர் கட்டில் பக்கம் பார்க்காமல் பார்த்தார்.

"நான் என்ன அதிகமாவா விடுறேன்?" என்று எழுந்து உட்கார்ந்தாள் ஜோசப்பின். "ஒண்ணு விடுறதுக்கே நான் படுற பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"கோவிக்காதீங்க. கமிட்டி முடிவு. நீங்க எல்லாரும் கடைசிக் காம்பராவுக்குப் போயிருங்க. தற்காலிகமாத்தான்."

"கடைசிக் காம்பராவுல கூரையே இல்லையேய்யா!"

"அப்பிடிச் சொல்லாதம்மா. பாதி இருக்கு."

கண்டாக்கு ஐயா கெட்டவர் அல்லர். யூஜினாவுக்கு ஏச வாய் வரவில்லை, வேறொன்று வந்தது.

"ஐயா, ரிப்பேரே பண்ணாத பொருள்தான் ஒசத்தின்னு அந்தத் தம்பி சொன்னாருங்க. எங்க அத்தையப் பாருங்க. இத்தன வருசத்துல யாராவது ரிப்பேர் பண்ணியிருக்காங்களா? எல்லாம் ஒரிஜினல் பாகம், பல்லுகூட கட்டல. கையைப் பாருங்க, அம்புட்டும் கொழுந்துக் காம்பு கிழிச்ச தழும்பு. பொறந்தது இந்த லயம், கப்பலேத்தப் பாத்தும் போகல, பூர்வீகம் பக்காவா இருக்கு. அத்தையையும் விண்டேஜுன்னு எழுதிக்கிட்டு அந்தக் கிட்டாரு பக்கத்துலயே வச்சுக்குங்கய்யா. நாங்க போயிர்றோம்."

ஜோசப்பின் கையிரண்டையும் நீட்டிக் காட்டினாள்.

கண்டாக்கு ஐயா இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செயலாளருக்குரிய பொறுப்போடு குனிந்து, டோர்ச் அடித்து, இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே மாமியாரும் மருமகளும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். வெளியே அவர் துஷாந்திடம் கெஞ்சுவதும், மறுபடி விளக்குவதும், பிறகு "சரிங்க, சரிங்க" என்பதும் கேட்டது.

திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"எல்லாம் சொல்லிப் பாத்தேம்மா. ஒரிஜினல்ங்கிறது சரியாம், ரிப்பேர் பண்ணாம விட்டதும் ரொம்பச் சரியாம். ஆனா விண்டேஜுன்னா அபூர்வமா இருக்கணுமாம். இந்த மாதிரி நம்ம தோட்டத்துல காம்பராவுக்கு ஒண்ணு இருக்குதேம்மா!"