நல்லேர்க்குடியில் சமத்துவம் நிறைவேறிய வரலாறு

சமத்துவம் இவ்வுலகில் எங்கே முதன்முதலாக நிறைவேறியது என்று ஐயுறுவோர் பூதலூரில் ரயிலை விட்டிறங்கி, வாய்க்கால் கரையோடு நான்கு கல் நடந்தால் போதும், நல்லேர்க்குடி வந்துவிடும். எழுபத்திரண்டாம் ஆண்டு தை மாதத்தில் அவ்வூரில் நிலமற்றவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் யார் என்பதைக் கண்ணாத்தாள் சற்றுத் தாமதமாகவே அறிந்துகொண்டாள்.

அன்று 'உபரி நிலம் வழங்கும் விழா'. மிராசுதார் பஞ்சநதம் நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தலைவணங்கி, முழுதாக ஓர் ஏக்கரை அரசிடம் ஒப்படைத்து மாலை வாங்கியிருந்தார். அதைப் பெறும் ஏழையைக் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கித் தேர்வதென ஏற்பாடு. அதிர்ஷ்டம் சாதி பார்ப்பதில்லை என்று தாசில்தார் அரைமணி நேரம் விளக்கினார். பண்ணையாட்கள் இருபது பேரும் வெயிலில் நின்று அதை ஒப்புக்கொண்டனர்.

கண்ணாத்தாளின் குடிசை பஞ்சநதத்தின் வாய்க்கால் மேட்டில் இருந்தது. கூலி நெல்லில் ஒரு மரக்கால் கூட்டிக் கேட்ட குற்றத்துக்காக, அறுப்பு முடிந்ததும் அதைப் பிரித்துக்கொண்டு போய்விடும்படி அவர் உத்தரவிட்டிருந்தார். ஆகவே அந்த ஏக்கர் அவளுக்கு வயல் மட்டுமன்று. கால் ஊன்ற ஓர் இடம்.

முதல் சீட்டிலேயே அவள் பெயர் வந்தது. தாசில்தார் பதிவேட்டைப் புரட்டினார். மரியாதையாக எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும். உங்க பேர்ல ஏற்கெனவே மூணு ஏக்கர் நஞ்சை இருக்கு. நீங்க நிலச்சுவான்தார்."

"யாருங்க, நானா?"

"பத்திரத்துல உங்க கைநாட்டு இருக்கும்மா."

கண்ணாத்தாள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். முந்தின பொங்கலுக்குப் பஞ்சநதம் சேலை கொடுத்தபோது, பெற்றுக்கொண்டதற்கு 'அத்தாட்சி'யாக மை தொட்டு வைத்தது நினைவுக்கு வந்தது.

"ஏண்டி, இம்மாம் பெரிய மிராசா இருந்துக்கிட்டா நேத்து எங்கிட்ட ஒரு கை உப்பு கேட்டு வந்தே?" என்றாள் பக்கத்தில் நின்ற ராசம்மாள்.

அடுத்த சீட்டு ராசம்மாளுடையது. அவளுக்கும் மூன்று ஏக்கர்.

இருபது சீட்டும் தீர்ந்தன. இருபது பேரும் 'நிலவுடைமையாளர்'. சட்டமோ நிலமற்றவருக்கே கொடு என்கிறது. தாசில்தார் வேர்த்து விறுவிறுத்துத் தேடி, இறுதியில் ஒருவரைக் கண்டுபிடித்தார். உச்சவரம்பு இன்னும் இறங்கும் என்ற வதந்தியை நம்பி, சட்டம் தமக்கு விட்டுவைத்த பங்கையும் பிறர் பெயரில் எழுதிவிட்ட ஒருவர். பஞ்சநதம் கூச்சத்தோடு இரு கைகளையும் நீட்டிப் பட்டாவைப் பெற்றுக்கொண்டார். இரண்டாவது மாலையும் விழுந்தது.

"அப்ப அந்த மூணு ஏக்கர் எனக்குத்தானுங்களே?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"சட்டப்படி சந்தேகமே இல்ல," என்றார் தாசில்தார், ஜீப்பில் ஏறியவாறே.

மறுநாள் விடிந்ததும் இருபது பேரும் அரிவாளோடு அவரவர் வயலில் இறங்கினர். பஞ்சநதம் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

"என் பயிரை அறுக்குறாங்கன்னு எழுதுங்க."

"உங்க பயிருன்னா நிலமும் உங்களோடதுன்னு ஆயிடும். பரவால்லீங்களா?" என்றார் ஏட்டு.

"அய்யய்யோ, அப்படி எழுதாதீங்க."

"அவங்க பயிருன்னு எழுதட்டுமா?"

"அதையும் எழுதாதீங்க."

ஏட்டு நேர்மையானவர், பதிவேட்டுக்கு மாறாக ஓர் எழுத்தும் எழுதமாட்டார். 'நிலமற்ற ஏழை ஒருவரை அச்சுறுத்தும் நோக்கத்துடன் நிலவுடைமையாளர் இருபது பேர் ஆயுதம் தாங்கிக் கூடினர்' என்று எழுதினார்.

இருபது பேரையும் கைதுசெய்து லாரியில் ஏற்றும்போது, தொழில் என்ன என்று கண்ணாத்தாளைக் கேட்டார்.

"நீங்களே எழுதிக்குங்க. எந்தக் காயிதத்தை என்னைக் கேட்டு எழுதுனீங்க?"

'மிராசுதார்' என்று எழுதிக்கொண்டார். மாலைக்குள் அவளுடைய குடிசை பிரிக்கப்பட்டது; மூன்று ஏக்கர் நஞ்சை உடையவர் குடிசையில் வசிப்பது ஊருக்கு அழகன்று.

தஞ்சைப் பக்கம் நிலத் தகராறு என்றால் கூலியாட்களையே பிடிக்கிறார்கள், மிராசுதார்கள்மீது கை வைப்பதில்லை என்று சிலர் நெடுங்காலமாகக் குறை கூறி வந்தனர். அக்குறை அன்றோடு தீர்ந்தது. ஒரே நாளில், ஒரே லாரியில், இருபது மிராசுதார்கள்.